தூங்குகிற தெரு ஓட்டுப் போட்ட கதை

எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டினால் ஒன்று தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும். தெருவில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் இராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். ஜன்னலில் கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் கண் திறப்போம். நான் அங்கே பாய்லர் பார்க்கிறவன். என் மருமகள் ஆவி ரோலரில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறவள். மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்படிப்பட்ட தெருவுக்கு முனிசிபாலிட்டி தண்ணீர் விடுகிற நேரம் நட்ட நடுப்பகல். அதுவும் கீழே இருக்கிற தெருக் குழாயில் மட்டும். என் முழங்கால் குடத்தோடு மூன்று மாடி ஏறாது. அதனால் தினமும் அவள்தான் பாதித் தூக்கத்தில் எழுந்து, கீழே போய், வரிசையில் நின்று, சுமந்து ஏறுவாள். அதற்குப் பிறகு தூக்கம் வருமா? புரண்டுகொண்டே கிடப்பாள்.

ஒரு நாள் இராத்திரி ரோலர் முன்னால் நின்றபடியே அசந்துவிட்டாள். சேலைத் தலைப்பை ரோலர் இழுத்துவிட்டது. எதிர்ப்பக்கம் விரிப்பை வாங்கி மடிக்கிற மொட்டைதான் பாய்ந்து சிவப்புக் கயிற்றை இழுத்து மெஷினை நிறுத்தினான். தலைப்பு கருகியது. கை பிழைத்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "இன்னொரு தடவை கண்ணு அசந்தா, மறுநாள் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்றார்.

அவள் அழுது புலம்புகிறவள் இல்லை. மறுநாள் சாயங்காலம் எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, நேராக வார்டு மெம்பர் கடைக்குப் போனாள். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் போனேன். பெயின்ட் கடை. அந்த ஆளுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் சிரிப்பு. பல்லைக் காட்டியே ரெண்டு தடவை ஜெயித்தவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, போன எலெக்‌ஷன்ல உங்க தெருவுல எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்க தெரியுமா? எண்ண ஒரு கை விரலே ஜாஸ்தி. கடைத்தெருக்காரங்க வரிசையில நிக்கிறாங்க. காலையில தண்ணி வேணும்னு கேட்டாங்க, குடுத்தேன். நீங்க என்ன கேட்டீங்க? குறட்டை விட்டீங்க. அழுற பிள்ளைக்குத்தானே பால்?"

அந்த ஆள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ வழியெல்லாம் யோசனையாகவே வந்தாள்.

"அவர் சொல்றது சரிதானே மாமா?"

"என்னத்தைச் சரி? ஓட்டுங்கிறது சோப்பு நுரைம்மா. ஊதினா போயிடும்."

"நுரை இல்லாம எந்தத் துணி மாமா வெளுத்திருக்கு?"

இவளிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே கிடையாது.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும். நடுப்பகலில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஏதோ பேசினாள். பிறகு எல்லாரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் உள்ள ஒவ்வொரு கதவையும் தட்ட ஆரம்பித்தார்கள். தடதடதடவென்று. நான் பதறிப்போய் ஜன்னல் போர்வையை விலக்கிப் பார்த்தேன். மொட்டை லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் வாளியோடு "எங்க தீ? எங்க தீ?" என்று ஓடிவருகிறான். கீழ்வீட்டு டெய்லர் அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்து, "பெரியவர் போயிட்டாரா?" என்றான்.

"இன்னும் இல்லடா!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"தீயும் இல்ல, சாவும் இல்ல. அடுத்த வாரம் எலெக்‌ஷன். அதைச் சொல்லத்தான்" என்றாள் அவள்.

தெரு கொதித்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். "இதுக்கு எவனாவது செத்திருக்கலாம்" என்றான் மொட்டை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியதும் சொன்னாள்: "கண்ணு எரியுதாண்ணே? தலை கிறுகிறுங்குதா? உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள். எங்களுக்கு தினமும். ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தி இப்படித்தான் எந்திரிச்சு வர்றா. உங்க வீட்ல யாருன்னு திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார்கள். குழாயடியில் அவரவர் பெண்டாட்டி, அக்கா, மகள். மொட்டை வாளியைக் கீழே வைத்தான்.

"சரி தங்கச்சி. ஆனா எப்பப் போடுறது? நாம எந்திரிக்கிறப்ப பூத்தை மூடிடுறானே."

"தூங்குறதுக்கு முன்னாடி போடுவோம்."

"பூத் இருக்கிற ஸ்கூலை பஸ் தாண்டுறப்ப கேட்டே திறந்திருக்காது. வீட்டுக்குப் போயிட்டா கட்டில் விடுமா?"

"அதனாலதான் சொல்றேன், பஸ்ல ஏறக்கூடாது. லாண்டரியிலேருந்து நடப்போம். நாம போய்ச் சேரவும் கேட் திறக்கவும் சரியா இருக்கும்."

இராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த கால்களிடம் நடக்கச் சொல்கிறாள்! நடக்கிற காரியமா என்று நினைத்தேன். மனுஷன் சாயங்காலம் சரியென்பான், விடிந்தால் மறந்துவிடுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

தேர்தலன்று ஷிப்ட் முடிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வேறு யாரும் ஏறவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, இன்னைக்கு உங்களுக்குன்னு தனி பஸ்ஸா?"

"ஓட்டுய்யா. கொஞ்ச தூரம் போனா ஒவ்வொருத்தனா வந்து கையைக் காட்டுவான்."

பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒருத்தரும் கையைக் காட்டவில்லை. சாப்பாட்டுப் பையில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு, ஈரத்தில் ஊறி வெளுத்த பாதங்களோடு, ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவள் முன்னால் போகவில்லை. கடைசியில், கால் வீங்கிய ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைமை தாங்குகிறவர்கள் எல்லாரும் முன்னால் போய்த்தான் நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்று ஒருத்தரும் உதிர்ந்துவிடாமல் கூட்டி வருகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஸ்கூல் வாசல்ல நிறுத்து" என்றேன்.

"அட! ஓட்டே போடாத ஆளு நீங்க!" என்று டிரைவர் சிரித்தார்.

"வாயை மூடிட்டு நிறுத்துய்யா."

கேட் பூட்டியிருந்தது. எங்கள் வார்டில் அன்றைக்கு முதல் ஆளாக வரிசையில் நின்றவன் நான்தான். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கேட் திறக்கிற நேரத்தில் தெருமுனை திரும்பி அவர்கள் வந்தார்கள். சோப்பு வாசனை முன்னால் வந்தது, ஆட்கள் பின்னால் வந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கொட்டாவியை ஒருவருக்கொருவர் தொற்ற வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் மதில் நீளத்துக்கு நின்றார்கள். தூசி என்று இருமினேன்.

உள்ளே மொட்டை மறைப்புக்குப் பின்னால் போனான். போனவன் வரவில்லை. பூத் அதிகாரியம்மா எட்டிப் பார்த்தார்.

"உள்ள போனவர் என்ன பண்றார்?"

"யோசிக்கிறார்மா" என்றாள் என் மருமகள்.

குறட்டை கேட்டது.

"கொஞ்சம் சத்தமா யோசிக்கிறார்."

அதிகாரியம்மாவே சிரித்துவிட்டார். யாருக்குப் போட்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள். சிரிப்புக்கு இல்லை.

ஆனாலும் சிரிப்புதான் ஜெயித்தார், மயிரிழையில். எந்தத் தெரு இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கவிழ்ந்திருப்போம் என்று அவருக்குத் தெரியாதா? ஓட்டு எண்ணின மறுநாள் சாயங்காலமே, நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் வந்து நின்றார். எந்தத் தேர்தலுக்குப் பிறகும் வராத ஆள்.

"உங்க தண்ணி விஷயம்தானேம்மா? பார்த்துக்கலாம்."

"இங்க சொல்ல வேணாம் சார். வார்டு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"கூட்டம் பதினோரு மணிக்காச்சே. நீங்கல்லாம் தூங்குவீங்களே?" மறுபடி பல்லைக் காட்டினார்.

"வர்றேன்" என்றாள்.

அவள் கண்ணைப் பார்த்தேன். இரண்டு குழியாக உள்ளே போயிருந்தது. கூட்டத்துக்குப் போனால் அன்றைய தூக்கம் போச்சு. அன்று இராத்திரியும் அதே ரோலர் முன்னால்தான் நிற்க வேண்டும்.

"நான் போறேன். நீ தூங்கு" என்றேன்.

"நீங்களா? அவங்க ஒருத்தரையும் நம்ப மாட்டீங்களே மாமா?"

"அதனாலதான் போறேன். நம்புறவன் போனா தலையாட்டிட்டு வந்துடுவான்."

என்ன கேட்க வேண்டும் என்று பாடம் மாதிரி சொல்லிக்கொடுத்தாள். போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மொட்டை வந்தான். டெய்லர் வந்தான். வீட்டுக்கு ஒருவராக எங்கள் தெரு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தினமும் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் ஒருத்தரும் இல்லை. தூங்கட்டும் என்று அவர்களை எழுப்பாமல் விட்டு வந்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்ததும் எழுந்து, எங்கள் தெருவுக்கு விடிந்ததுமே தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "காலையில தண்ணி இல்லாம நாங்க எப்படிக் கடை திறக்கிறது?"

நான் மறுபடி எழுந்தேன். "நாங்க வேலை முடிஞ்சு வர்றப்ப நீங்க ஷட்டரே தூக்கியிருக்க மாட்டீங்க. முதல்ல எங்களுக்குத் திறந்து விடட்டும். நாங்க பிடிச்சிட்டுப் படுத்துடுவோம். நீங்க கடை திறக்குறப்ப உங்களுக்கு வந்துடும். இதுல யார் வயித்துல அடிக்கிறோம்?"

கடைக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார். சிரிப்பு கூடத்தை ஒரு தடவை கண்ணால் சுற்றி வந்தார். எங்கள் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. "திங்கக்கிழமையிலேருந்து மாத்திடுவோம்" என்றார்.

"எழுதியாச்சா? வாசிங்க" என்றேன்.

கிளார்க் வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கினபோது குழாய் இருமிக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர் வந்தது. அவள் சுமந்து ஏறி, பானையை நிரப்பி, போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தாள். நடுப்பகலில் பழக்கத்தில் எனக்கு விழிப்பு வந்தது. அவள் அசையவில்லை.

அந்தக் கூட்டம் மாதாமாதம் நடக்குமாம். அடுத்த மாதமும் போய் முதல் பெஞ்சில் உட்காரப் போகிறேன். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள இவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?