ஐம்பதாவது கிலோமீட்டர்

என் கொட்டகையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கும். எங்கே என்று போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். எப்போதும் ஒரே மூலைதான். உள்ளே வண்டி நின்றால் அதன் இடது முன் சக்கரம் வருகிற இடம். வெளியே குளிர் மைனஸ் இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கேட்கும். கோடையில் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்பது குளிர்காலமாக இப்படி. பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு விறகு போட்டுச் சம்பளம் வாங்குகிறேன். மிச்ச நேரத்தில் ஊரார் வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். கூலிக்குப் பதில் மீன் கொடுப்பார்கள், கலைமான் இறைச்சி கொடுப்பார்கள். துருவ வட்டத்தை ஒட்டிய இந்தப் பகுதியில், கெமியார்வி டவுனில் பட்டறை இருக்கிறது, ஆனால் ஜனவரியில் அவ்வளவு தூரம் ஓடக்கூடிய வண்டிக்குப் பட்டறை எதற்கு? ஓடாத வண்டிதான் என்னிடம் வரும். சத்தம் கேட்டால் நான் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் வீரம்.

போன ஜனவரியில் என் தங்கை மார்கெட்டா வந்தாள். எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. பிரேக் கிறீச்சிடுகிறது என்று காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தாள். அவள் வேறு யாரிடமும் வண்டியைக் காட்ட மாட்டாள்.

"இந்த வண்டி இன்னும் சாகலையா?" என்றேன்.

"உன்ன மாதிரிதான். துரு ஏறினாலும் ஓடுது."

"உள்ள விடு. ரெண்டு மணி நேரம் நிக்கட்டும்."

"பேட் மாத்த அரை மணி. அதுக்கு ரெண்டு மணி நேரம் நிக்கணுமா? கல்யாணப் பொண்ணா இது, குளிப்பாட்டி உக்கார வைக்க?"

"பனி உருகணும்."

"முன்னாடியெல்லாம் வாசல்லயே முடிச்சுக் குடுப்ப. வயசாயிடுச்சுடா உனக்கு." கையுறையைக் கழற்றி அடுப்பருகே போட்டாள். "ஆனா ஒண்ணு, அவுலிஸ். உன் கை பட்ட வண்டின்னாதான் எனக்கு நிம்மதி."

இதை ஒவ்வொரு வருடமும் சொல்வாள். ஒவ்வொரு வருடமும் நான் குனிந்து ஏதாவது ஸ்பானரைத் தேடுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்பதில்லை.

முன்பெல்லாம் வாசலிலேயே முடித்துக்கொடுத்தேன் என்றாளே, அது உண்மை. கடைசியாக அப்படி முடித்துக்கொடுத்தது அவள் புருஷன் ரெய்னோவின் வண்டிக்கு.

அன்றும் ஜனவரிதான், மைனஸ் முப்பத்தொன்று. கொட்டகைக்குள் என் வண்டி எஞ்சின் இறக்கிக் கிடந்தது, இன்னொன்றுக்கு இடமில்லை. ரெய்னோவுக்கும் முன் பிரேக் பேட்தான். "வெளியிலேயே போட்டுத் தள்ளு, சாயங்காலம் ஆள் வர்றாங்க, சவுனா சூடேத்தறா அவ" என்றான். சவுனா என்றால் கற்களைச் சூடேற்றி நீராவியில் குளிக்கிற எங்கள் வீட்டுக் குளியலறை. ஜாக்கி வைத்தேன். கழற்றிய சக்கரங்களைப் பனியில் சாய்த்து வைத்தேன். வலது பக்கம் முடித்து, சக்கரத்தின் முதுகையும் அது உட்காருகிற ஹப்பையும் கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்துத்தான் மாட்டினேன். இடது பக்கம் வரும்போது விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. சக்கரத்தின் முதுகில் பனி அப்பியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். கையால் ஒரு தட்டுத் தட்டினேன். முக்கால்வாசி உதிர்ந்தது. மிச்சம் ஒரு காகிதக் கனம் இருக்குமா? போகட்டும் என்று மாட்டினேன்.

டார்க் ரெஞ்ச் என்று ஒன்று உண்டு. நட்டு சரியான அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும். அன்றும் சொன்னது. நான்கு நட்டுக்கும் நான்கு 'டக்'. அந்த ரெஞ்ச் பொய் சொல்லவில்லை. நட்டு இறுகித்தான் இருந்தது, பனிக்கட்டியின் மேல். ஓடும்போது பிரேக் சூடாகும், பனி உருகும். காகிதக் கனம் கரைந்து ஓடினால் அந்தக் காகிதக் கனத்துக்கு நட்டு தளர்ந்து நிற்கும். எங்கள் ஊரில் லைசென்ஸ் எடுக்காத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா?

என் கொட்டகையிலிருந்து அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில், எதிரே மரம் ஏற்றி வந்த லாரியில் ரெய்னோவின் வண்டி போய் மோதியது. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான். வழுக்கல் சாலை, வேகம் என்று எழுதினார்கள். மோதியதில் சக்கரம் பிய்ந்துபோயிற்று என்றார்கள். நான் சவப்பெட்டியின் முன்பக்கம் தூக்கினேன்.

மே மாதம் பனி கரைந்தபோது, கலைமான் மந்தை மேய்க்கிற ஓலவி ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்து என் வாசலில் உருட்டிவிட்டான். "காட்டுல கெடந்துச்சு. டயர் புதுசா இருக்கு, உனக்கு ஆகுமே" என்றான். எங்கே கிடந்தது என்று கேட்டேன். விபத்து நடந்த இடத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால். மோதுவதற்கு முன்னாலேயே கழன்றிருக்கிறது. போல்ட் நுழைகிற நான்கு ஓட்டைகளும் வட்டமாக இல்லை, தேய்ந்து முட்டை வடிவில் இருந்தன. தளர்ந்த நட்டோடு கொஞ்ச நேரம் ஓடினால்தான் அப்படித் தேயும். ஓலவிக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தச் சக்கரத்தைப் பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் வைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் தாங்கும் என்பார்கள். என் மௌனம் ஒன்பது வருடம் தாங்கியது.

அந்தக் குளிர்காலத்திலிருந்துதான் சொட்டுகிறது. ரெய்னோவின் வண்டி அன்று கொட்டகைக்குள் வரவே இல்லை. வந்து இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் எப்படிச் சொட்டியிருக்குமோ, அப்படிச் சொட்டுகிறது.

மார்கெட்டாவின் வண்டி இரண்டு மணி நேரம் நின்றது. அடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, துணியால் தரையைத் துடைத்தேன். பேட் மாற்றினேன். ஹப்பைத் தேய்த்தேன், சக்கரத்தின் முதுகைத் தேய்த்தேன், மறுபடி தேய்த்தேன். அவள் அடுப்பருகே பெஞ்சில் உட்கார்ந்து, ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டு, ஊர் வம்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெஞ்ச் எட்டு முறை 'டக்' என்றது. காப்பிப் பானையை அடுப்பில் ஏற்றினேன்.

அப்போது அவள் பேச்சை நிறுத்தினாள்.

"எங்கயோ சொட்டுதே?"

இந்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ பேர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கேட்டதில்லை.

"வண்டியிலேர்ந்து இருக்கும்."

"வண்டி காஞ்சு கெடக்கு. கூரை ஒழுகுதா?"

"மைனஸ் இருபத்தெட்டுல கூரை எப்படி ஒழுகும்?"

அவள் அந்த மூலையையே பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. பழகிய எதையோ அடையாளம் கண்டுகொண்ட முகம்.

"எங்க வீட்டு சவுனாவுலயும் இப்படித்தான் கேக்குது. அவன் போனதுக்கப்புறம் நான் அதச் சூடேத்தவே இல்ல. உள்ள ஒரு பொட்டுத் தண்ணி கெடையாது. இருந்தும் ஜனவரியானா சொட்டும்." பன்னைத் தட்டில் வைத்தாள். "நான் சொன்னதுக்குத்தான் அது சொட்டுது."

"என்ன சொன்ன?"

"வழியில பெட்ரோல் பங்க்குல நிறுத்தி ஃபோன் பண்ணினான். சீக்கிரம் வான்னேன். அவன் வேகமா வந்தான், செத்தான். நான்தான் வரச் சொல்லிக் கொன்னேன் அவன. அதுக்கப்புறம் என் புள்ளகிட்டகூட எப்ப வர்றேன்னு கேக்கறதில்ல. அம்மாவுக்குத் தன் மேல பாசமே இல்லன்னு அவன் நெனைக்கிறான். நெனைச்சிட்டுப் போகட்டும்."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாயை மூடியிருந்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் சுமை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் தலையில் உட்கார்ந்திருந்தது.

டயர் அடுக்கை விலக்கினேன். சக்கரத்தை உருட்டிவந்து அவள் காலடியில் சாய்த்தேன்.

"என்ன இது?"

"ரெய்னோவோட இடது முன் சக்கரம். மோதறதுக்கு இருநூறு மீட்டர் முன்னாடியே கழண்டிருக்கு. அவன் வேகமா வரல, மார்கெட்டா. வேகத்தால இல்ல. நான் பனியத் தேய்க்காம மாட்டினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். விரல் மரத்ததைச் சொன்னேன்; அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவள் ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டு, அதன் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தடவினாள். நான்கு ஓட்டையையும் அப்படித் தடவினாள்.

"எப்ப கெடச்சுது?"

"அந்த மே மாசமே."

"ஒம்பது வருஷம்." குரல் உயரவே இல்லை. அது உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒம்பது வருஷமா என் நாக்குதான் அவன முழுங்கிடுச்சுன்னு நான் அலையறேன். நீ இங்க உக்காந்து ஊரான் வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டுட்டு இருந்தியா? என் வண்டிக்கும் போட்ட. நான் உன் கையப் புகழ்ந்தேன், கேட்டுட்டு நின்ன."

"நின்னேன்."

"த்தூ."

எழுந்தாள். கோட்டை மாட்டினாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"நான் முழுசாச் சொல்லல. நீ சொன்னதுக்கப்புறம் நானும் சொல்லிடறேன். அவன் அங்க சும்மா நிறுத்தல. அம்பதாவது கிலோமீட்டர்னு நிறுத்தினான்."

எனக்குப் புரிந்தது. சக்கரம் மாட்டினால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம். யார் மாட்டினாலும் செய்வார்கள்.

"'முன்பக்கம் லேசா நடுங்குது, இறுக்கிட்டு வர்றேன், பத்து நிமிஷம் ஆகும்'னான். ஆளுங்க வந்து உக்காந்திருந்தாங்க. சவுனாக் கல்லு ஆறிட்டிருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அவுலிஸ் மாட்டின சக்கரத்தையா? அவன் கைய விட உன் கை உசத்தியா? என் அண்ணன அவமானப்படுத்தாம வந்து சேரு'ன்னேன். அவன் சிரிச்சான். 'சரி, உங்கண்ணன் கை'ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்."

இருவரும் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுப்பில் காப்பி பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

சுவரில் ஆணியில் தொங்கிய டார்க் ரெஞ்சை அவள் எடுத்துத் தன் வண்டியின் முன் சீட்டில் போட்டாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டை விட்டு அப்படிப் போனால், அந்த வீட்டோடு உறவு முறிந்தது என்று அர்த்தம்.

மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது. சமையலறையில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் தேய்த்தேன், சரியாகத் தேய்த்தேன், என் கண்ணால் இரும்பின் பளபளப்பைப் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றும்கூடத்தான் என் கண்ணால் பார்த்தேன். அவள் கிளம்பி நாற்பது நிமிடம் ஆனது. ஐம்பது ஆனது. அறுபத்திரண்டாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போடாமலிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஃபோன் அடித்தது. எடுத்தேன். காற்றுச் சத்தம், தூரத்தில் ஒரு லாரி. பிறகு இரும்பில் இரும்பு மோதும் ஓசை. ஃபோனைப் பக்கத்தில் பனியில் வைத்திருக்கிறாள் போல.

'டக்.'

எண்ணினேன். வலது பக்கம் நான்கு. காலடிச் சத்தம். இடது பக்கம் ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு நேரமானது. மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் 'டக்'. நான்காவது.

"மூணாவது நட்டு இன்னும் திரும்புச்சு" என்றாள்.

"எவ்வளவு?"

"ஒரு விரல் அகலம்."

"நான் தேய்ச்சேன், மார்கெட்டா. சத்தியமா."

"தெரியும். பாத்துட்டுதான இருந்தேன்."

"எந்தச் சக்கரத்துக்கும் கொஞ்சம் திரும்பும். புது வண்டிக்கே திரும்பும். அதுக்காகத்தான் நிறுத்திப் பாக்கறது."

ரெஞ்சை வண்டிக்குள் போடும் சத்தம் கேட்டது.

"அப்போ அன்னிக்கு அவன் நிறுத்தினது சரிதானே?"

"சரிதான். நம்ம மூணு பேருல அவன் ஒருத்தன்தான் சரியாச் செஞ்சான்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது; ஃபோனைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில், "ரெஞ்ச நாளைக்குக் கொண்டுவர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று அதற்குப் பிறகு கொட்டகையில் சத்தமே இல்லை. தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் மைனஸ் முப்பத்து மூன்று. கதவைத் திறந்ததும் சொட்டியது.

மார்கெட்டா பத்து மணிக்கு வந்தாள். ரெஞ்சை ஆணியில் மாட்டினாள். அந்தச் சக்கரம் அவள் விட்டுப்போன இடத்திலேயே சாய்ந்திருந்தது. அதை இருவரும் நகர்த்தவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காப்பி ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். ரேடியோவைப் போடக் கை நீட்டினேன்.

"போடாத" என்றாள். "இருக்கட்டும்."

காப்பி தீரும்வரை இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.