கேமராவுக்கு ஒரு தனி நெட்வொர்க்

மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே ஹஃப்சாவின் போன் அடித்தது. சவுதியில் தம்மாமிலிருந்து அவள் கணவன் மன்சூர்.

“கேமரா மறுபடியும் போயிட்டு. நீ ஆஃப் பண்ணினியா?”

“நான் ஏன் பண்ணுதேன்? அதுவாத்தான் போவுது.”

“அதுவா எப்படிப் போவும்? உன் போன்ல நெட்டு ஓடுதுல்லா?”

“ஓடுது” என்றபடி அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினாள். மாமனார் துல்கர்னைன் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவள் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. வடகரையில் சாரல் பிடித்துக்கொண்டதால் துவைத்த விரிப்புகள் வேறு காயாமல் கொடியில் தொங்கின. போன விடுமுறைக்கு வந்த மன்சூர், வீடு முழுக்க வைஃபை கிடைக்க அறைக்கொன்றாக வெள்ளைப் பெட்டிகளை வைத்தான். வாப்பாவை அங்கிருந்தே பார்க்கலாம் என்று கட்டிலுக்கு நேரே ஒரு கேமராவையும் மாட்டிவிட்டுப் போனான். அது அணையும்போதெல்லாம் பழி அவள் மேல்.

அன்று மத்தியானம், வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுத்த பெஞ்சமினைத் தென்காசியிலிருந்து வரவழைத்தாள். அவன் அவள் போனை வாங்கிச் சற்று நேரம் துழாவினான்.

“அக்கா, இந்தப் பெட்டியில ரெண்டு அலைவரிசை இருக்கு. ஒண்ணு வேகம், ஆனா சுவரு தாண்டத் திணறும். இன்னொண்ணு மெதுவு, தூரம் போவும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கு. உங்க கேமராவுக்கு மெதுவா உள்ளது மட்டுந்தான் ஒத்துக்கிடும். பெட்டி அதை அங்கனயும் இங்கனயும் மாத்தப் பாக்குது, அது கழண்டுருது.”

“அப்போ என்ன செய்ய?”

“கேமராவுக்குன்னு தனி நெட்வொர்க் போட்டுத் தாரேன். வேற பேரு, வேற பாஸ்வேர்டு. உங்க போனெல்லாம் பழையதுலயே இருக்கட்டும். வேண்டாம்னா இதை மட்டும் நிறுத்திக்கிடலாம், மத்தது ஓடும்.”

அதன்பிறகு கேமரா ஒருமுறைகூட அணையவில்லை. புகார்தான் மாறியது. வாப்பா காலில் போர்வை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ ஏன் தூங்குகிறாய். போனில் மட்டுமல்ல, கேமராவுக்குள்ளிருந்தும் மன்சூரின் குரல் வந்தது.

ஒரு காலை அவள் மாமனாருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இடுப்புல புண்ணு மாதிரி தெரியுதே, கொஞ்சம் திருப்பிக் காட்டு” என்றது கேமரா.

துல்கர்னைன் நல்ல கையால் கைலியை இழுத்து மூடப் பார்த்தார். எட்டவில்லை. “பாக்க வேண்டாம்னு சொல்லு” என்று குழறினார். கண்ணோரம் நீர் வழிந்தது.

ஹஃப்சா போனை எடுத்து, பெஞ்சமின் காட்டிய இடத்தில் தொட்டு, அந்த நெட்வொர்க்கை நிறுத்தினாள். உடனே மன்சூர் கூப்பிட்டான்.

“மறுபடியும் போயிட்டே!”

“போவல. நான்தான் நிறுத்தினேன். மாமாவத் துடைக்கும்போதும் உடுப்பு மாத்தும்போதும் இனிமே நிறுத்துவேன்.”

“ஏன்?”

“மகன் பாக்குதான்னு அவுக அழுதாக.”

“எனக்குத் தெரியாம போச்சு” என்றான் மன்சூர்.

“புண்ணு இருக்கு, மருந்து போடுதேன். புரட்டிப் படுக்க வைக்க ரெண்டு ஆளு வேணும், நான் ஒருத்தி. பாக்க ஆளு இருக்கு மச்சான், பிடிக்கத்தான் இல்ல.” கோபமாகச் சொல்ல நினைத்ததுதான், அசதியில் குரல் எழவில்லை.

“காலையில மட்டும் வாரதுக்கு ஆள் பாக்கட்டா?”

“பாருங்க.”

மறு வாரம் செங்கோட்டையிலிருந்து சங்கரேஸ்வரி வந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவள். வந்ததும் வராததுமாக, “நீங்க போய்ப் படுங்க” என்று ஹஃப்சாவை அனுப்பினாள். அடுத்த அறையில் படுத்த ஹஃப்சாவுக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் சூடு போதாது என்று துல்கர்னைன் குழறுவதும், “சூடாத்தான் இருக்கு, அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க” என்று அவள் மல்லுக்கட்டுவதும் கேட்டது. எழுந்துபோகலாமா என்று நினைத்தாள். நினைத்தபடியே தூங்கிவிட்டாள்.