யார் உடைத்தாலும் யுன்ஜுவுக்குத் திட்டு

தைப்பே போகும் அதிவேக ரயிலில் உட்கார்ந்துகொண்டு யுன்ஜு தன் மறுப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "முடியாது" என்ற ஒரு வார்த்தையைச் சுற்றி எவ்வளவு மரியாதையைச் சுற்ற முடியுமோ அவ்வளவையும் சுற்றிப் பார்த்தாள். முணுமுணுப்பு அதிகமாகிப் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்த பிறகுதான் வாயை மூடினாள்.

விஷயம் இதுதான். மான்யுவே என்று ஒரு நாட்காட்டிச் செயலி. தைவானில் அது இல்லாத கைப்பேசியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். திறமூல மென்பொருள் என்பதால் அதற்கு முதலாளியும் கிடையாது, விலையும் கிடையாது. சம்பள வேலை போக மிச்சமிருக்கும் நேரத்தில் ஒருவர் எழுத, இன்னொருவர் திருத்த, அப்படியே வளர்ந்தது. ஆனால் அதைத் தொடங்கிய மகானுபாவர்கள் ஆங்கிலத் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் பிறந்தநாள், தாத்தாவின் திதி, கடைக்காரர்கள் படையல் போடும் நாள் எல்லாம் நிலாக் கணக்கில்தான் வருகின்றன என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அந்தக் கணக்கை வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டும் செருகுநிரலை, அதாவது பிளகினை, எழுதியவள் யுன்ஜு. பகலில் காங்ஷான் ஊர்த் திருகாணி ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நாட்டிலுள்ள அத்தனை பேரின் பழைய கணக்குத் தேதிகளையும் பார்த்துக்கொள்வாள். இத்தனை வருடமும் தன்னந்தனியாக.

இப்போது, மான்யுவேயின் வெளியீடுகளைக் கவனிக்கும் ஹுவெய்ஷான் என்ற பெண் ஒரு யோசனை எழுதியிருந்தாள். இந்தச் செருகுநிரல் இனி வெளியே தொங்க வேண்டாம், செயலியின் மைய நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம், இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பேசுவோம் என்று. படித்ததும் யுன்ஜுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்த்து ஆளாக்கியது நான், வீட்டுக்கு அழைத்துப்போவது இவர்களா? உள்ளே போய்விட்டால் ஒரு காற்புள்ளியை மாற்றக்கூட இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதுவும் கையை விட்டுப் போனால், திருகாணி ஆலைக்கு வெளியே தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

சென்ற கோடையில் அவள் பட்ட பாட்டை நினைத்தால் இந்தப் பிடிவாதம் வேடிக்கைதான். அந்த வருடம் நிலாக் கணக்கில் ஆறாம் மாதம், மிகுமாதமாக, இரண்டு முறை வந்தது. அதே சமயம் பார்த்து மான்யுவேயின் தலைமைப் பராமரிப்பாளர், எல்லோரும் யாவ் அண்ணன் என்று கூப்பிடும் து சிங்யாவ், மைய நிரலைச் சுத்தம் செய்தார். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். "இது இரண்டாவது ஆறாம் மாதம்" என்று செருகுநிரல் ஒட்டிவைத்திருந்த குறியையும் குப்பை என்று துடைத்துவிட்டார். விளைவு, இரண்டாவது ஆறாம் மாதம் ஏழாம் மாதமாகிவிட்டது. ஏழாம் மாதத்தில்தானே கீழுலகத்தின் கதவு திறந்து 'நல்ல அண்ணன் தம்பிகள்' என்று பயபக்தியோடு அழைக்கப்படும் பேய்கள் பசியோடு வெளியே வருவார்கள்? சாங்ஹுவாவில் ஒரு மருந்துக்கடைக்காரர் செயலியை நம்பி ஒரு மாதம் முன்னதாகவே வாசலில் மேஜை போட்டுப் பன்றியிறைச்சியும் பழமும் அடுக்கி ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் தெருவிலேயே அவர் மேஜை ஒன்றுதான்.

"கதவே இன்னும் திறக்கலம்மா, யாரு வந்து சாப்பிடுவா?" என்று அவர் யுன்ஜுவுக்கு எழுதினார். "தெருவே சிரிக்குது. உனக்குத் தெரியலன்னா எதுக்கு இந்த வேலை?"

மருந்துக்கடைக்காரராவது கொஞ்சம் நாகரிகமாக எழுதினார். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். யாவ் அண்ணனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருகுநிரலின் மேல் ஒட்டியிருந்தது யுன்ஜுவின் பெயர்தானே.

கூட்டம் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் நீண்ட அறையில் நடந்தது. காலணி, மடிக்கணினி, தேநீர்க் கோப்பை எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இந்தக் கூட்டத்தாருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வேலையை முன்வைத்தால் அதைக் 'குழி' என்பார்கள். சொன்னவர் தோண்டுகிறார், விருப்பமுள்ளவர்கள் குதிக்கிறார்கள். "யாராவது இதைச் செய்யலாமே" என்று வாயைத் திறந்தால் போச்சு, அந்த யாராவது நீங்கள்தான். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஹுவெய்ஷான் தன் யோசனையைச் சொல்லி முடித்தாள். யுன்ஜு தொண்டையைச் செருமுவதற்குள் யாவ் அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் நேராவே சொல்லிடறேன், இது வேண்டாம். இன்னைக்கு நிலாக் கணக்குன்னுவீங்க. நாளைக்கு அலை ஏறுற நேரம், அப்புறம் குப்பை வண்டி வர்ற நேரம். எல்லாத்தையும் உள்ள இழுத்துப் போட்டா இது காலண்டரா, சாமான் ரூமா? உள்ள வந்த எதையும் அப்புறம் வெளியே தள்ள முடியாது. காலம் பூரா நாமதான் சுமக்கணும்."

யுன்ஜுவின் வேலை முடிந்தது. எழுந்து "நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருக்கலாம். ஆனால் யாவ் அண்ணன் அதோடு நிறுத்தவில்லை.

"அதுவும் இது என்ன, கோயிலுக்குப் போறவங்க, படையல் போடறவங்க சமாச்சாரம். வேணுங்கறவங்க மாட்டிக்கட்டும். ஓரமா இருந்தாப் போதும்."

"ஓரமாவா?" என்றாள் யுன்ஜு. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "யாவ் அண்ணே, உங்க அம்மா பிறந்தநாள் எப்போ?"

"எட்டாம் மாசம் மூணாம் தேதி."

"எந்தக் கணக்குல?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாவ் அண்ணன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பழைய கணக்குலதான். அம்மாவாச்சே."

"இந்த வருஷம் அது இங்கிலீஷ்ல என்னைக்கு வருதுன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவீங்க?"

"...உன் பிளகினைப் பார்த்துத்தான்."

"அப்போ அம்மாவும் ஓரமா இருந்தாப் போதுமா?"

இந்த முறை அறையே சிரித்தது. யுன்ஜு சிரிக்கவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது கரை உடைந்து வந்தது. "சாமான் ரூம்னு சொல்றீங்களே, குப்பை வண்டியை வேண்டாம்னு சொல்லுங்க, நானும் கூட நிக்கறேன். ஆனா தேதிங்கறது காலண்டரோட உசிர். போன கோடையில நீங்க சுத்தம் பண்ணினப்போ தானா ஓடற உங்க சோதனை அத்தனையும் 'எல்லாம் சரி'ன்னு பச்சை காட்டுச்சு. ஏன்? என்னோடது வெளியில கிடக்கு, அதை யாரும் சோதிச்சுப் பார்க்கறதில்லை. நீங்க நிம்மதியாத் தூங்கினீங்க. மருந்துக்கடைக்காரர் என்னைத் திட்டினாரு. வெளியில இருக்கற வரைக்கும் உடைக்கறது நீங்க, ஒட்டறது நான். உள்ள இருந்தா, உடைக்கறவர் கையிலயே உடையும். அப்போதான் அவருக்கு வலிக்கும்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எதைத் தடுக்க வந்தாளோ அதற்காக உயிரை விட்டு வாதாடியிருந்தாள்.

ஹுவெய்ஷான் கன்னத்தில் கைவைத்து அவளைப் பார்த்தாள். "அக்கா, நேத்து எனக்கு 'மனமார்ந்த வருத்தத்துடன் மறுக்கிறேன்'னு எழுதியிருந்தீங்களே?"

"நேத்து எழுதினது நேத்தோட போச்சு."

யாவ் அண்ணன் முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் அசடு வழிந்தது. "அந்தக் குறியைத் துடைச்சது நான்தான்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீ சொல்லியிருக்கலாம்ல" என்றார். பிறகு, "சரி, சேர்க்கலாம். ஆனா சேர்க்கணும்னு பேசினது நீ. அப்போ இது உன் குழி."

யுன்ஜுவுக்குக் கணக்குப் புரிந்தது. வெளியே தனியாக இழுத்த அதே வண்டியை இனி உள்ளே தனியாக இழுக்க வேண்டும், அவ்வளவுதானா?

"தோண்டறேன்" என்றாள். "தனியா இறங்க மாட்டேன். யாரும் கூட வரலைன்னா இந்தப் புத்தாண்டோட அந்தப் பிளகினை மூடிடறேன். என்னால இனி முடியாது. நிஜமாவே முடியாது." இதையும் அவள் ரயிலில் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியதால் மேஜையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "யாரெல்லாம் குதிக்கிறீங்க?"

சாப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் பட்டையை யாரோ இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நிமிர்ந்தபோது ஹுவெய்ஷானின் கை மேலே இருந்தது. பின்வரிசையில் முகம் தெரியாத இரண்டு பேரின் கைகள். கடைசியாக, முனகிக்கொண்டே, யாவ் அண்ணனின் கை.

"அம்மாவை ஓரமா உக்கார வச்சேன்னு வெளியில போய்ச் சொல்லித் தொலைக்காதே" என்றார்.

செருகுநிரலை உள்ளே கொண்டுபோகக் குளிர்காலம் முழுக்க ஆயிற்று. ஒப்புதல் தருகிறவர்கள் அவளை வறுத்தெடுத்தார்கள். அவள் வருடக்கணக்கில் பத்திரமாகப் பாதுகாத்துவந்த இரண்டு தவறுகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வெட்கமாக இருந்தது, கூடவே யாரோ முதுகிலிருந்து மூட்டையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததுபோலவும் இருந்தது.

வசந்தத்தில் ஒரு நாள் ஆலையில் மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரம். யாவ் அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் எழுந்தவள் பழக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு சுத்தம் செய்துவிட்டாரா?

செய்துதான் இருந்தார். "நேத்து தேதி சேமிக்கற இடத்துல கை வச்சேன்" என்று எழுதியிருந்தார். "நிலாச் சோதனை சிவப்புக் காட்டி, உள்ள விடமாட்டேன்னு நின்னுடுச்சு. தப்பு என்னோடது. ராத்திரியே சரிபண்ணிட்டேன், ரெண்டு பேர் பார்த்து ஒப்புதலும் கொடுத்துட்டாங்க. அந்தத் தப்பு யார் கைப்பேசிக்கும் போகல. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா தெரிவிச்சேன்."

யுன்ஜு நம்பவில்லை. அவர் நிரலில் செய்த மாற்றத்தைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க முடியுமா என்றுகூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவர் சொன்னபடியே எல்லாம் சரியாக இருந்தது. அவள் செய்வதற்கு அங்கே எதுவுமே இல்லை.

மூச்சை விட்டாள். எத்தனை வருட மூச்சோ அது. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

பக்கத்து மேஜையில் கணக்குப் பார்க்கும் அம்மாள் பதறிப்போனார். "என்னடி, வீட்டுல எதாவதா?"

"இல்லக்கா. ஒருத்தர் ஒண்ணை உடைச்சாரு. அவரே அதை ஒட்டிட்டாரு."

"அவ்வளவுதானா?" அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உலகத்துல அதுதானே முறை? இதுக்குப் போயா அழறே?"