முதல் சொம்பு

"குடி."

பெரியநாயகி பித்தளைச் சொம்பை நீட்டியபடி நின்றாள். கொல்லைக் குழாயில் அப்போதுதான் பிடித்த தண்ணீர். மருமகள் உமாமகேஸ்வரி கையை நீட்டவில்லை.

"இன்னிக்கி வேணாம் அத்தை."

"இன்னிக்கிதான்டி வேணும். ஒன் சின்ன மாமனார் பேச வர்றாரு. அவரு வர்ற நேரத்துல வீம்பு பண்ணிக்கிட்டு நிக்காத."

அவர் என்ன பேச வருகிறார் என்பது தெருவுக்கே தெரியும். உமாவுக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. அவள் கணவன் ஹரிஹரனுக்குக் கோட்டுச்சேரியில் வேறு பெண் பார்த்தாகிவிட்டது. உமா மனமொத்துப் பிரிவதாகக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய மனத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒத்துப்போயிருந்தது.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில், அந்தத் தெருவின் முதல் குழாய் அந்த வீட்டுக்குத்தான் வந்தது. தெருவில் இரும்புக் குழாய் வந்து போய், பிளாஸ்டிக்கும் வந்தாயிற்று. மாமனார் தெட்சிணாமூர்த்தி மட்டும் தன் வீட்டுக்குள் ஓடும் சாம்பல் நிறக் குழாயைத் தொடவிடவில்லை. வந்தவர்களிடம் அதை நகத்தால் கீறிப் பளபளப்பைக் காட்டுவார். இரவெல்லாம் அதில் தங்கிய தண்ணீரை விடிந்ததும் முதல் சொம்பாகப் பிடித்து, வெறும் வயிற்றில் மருமகள் குடிக்க வேண்டும். வம்சம் தழைக்கும் என்பது அந்த வீட்டு வழக்கம். மசக்கை என்று தெரிந்தால் இரண்டு சொம்பு. ஆண்களுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவர்கள் கேன் தண்ணீர் குடித்தார்கள்.

இரண்டாவது கரு கலைந்தபோது உமாவைப் பார்க்க அவளுடைய கல்லூரித் தோழி ஷஃபீனா வந்தாள். தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். தெட்சிணாமூர்த்தி வழக்கம்போல் அவளுக்கும் குழாயைக் கீறிக் காட்டினார். அவள் பாராட்டவில்லை. முகம் வெளிறிப்போய், "உமா, இந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணுடி" என்று மட்டும் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

உமா குடிநீர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். சோதிக்க ஒருவர் வந்தார். குழாயைத் திறந்து ஒரு வாளி ஓடவிட்டார். இரவில் தங்கியதெல்லாம் சாக்கடைக்குப் போன பிறகு பாட்டிலில் பிடித்தார். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. ஆகவே கோளாறு உமாவிடம்தான் என்பது விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாயிற்று. தெட்சிணாமூர்த்தி அன்று சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னார்.

"ஓட விட்டுப் புடிச்சா என்னத்தடி தெரியும்?" என்று போனில் கத்தினாள் ஷஃபீனா. "நீ குடிக்கிறியே, அந்த மொத சொம்பு, அத அப்படியே கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்ததற்கு நேற்றுப் பதில் வந்திருந்தது.

சின்ன மாமனார் திருஞானசம்பந்தம் வந்தார். கூடத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹரிஹரன் தரையில் உட்கார்ந்து கோலம் போடாத இடத்தில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீ நல்ல பொண்ணுதாம்மா. யாரு கொற சொன்னா? ஒன் வயித்துக்குக் கொடுப்பின இல்ல, அவ்வளவுதான்."

உமா சொம்பை அவர்களுக்கு நடுவில் வைத்தாள். "வயித்துல இல்ல மாமா, இதுலதான் இருக்கு. காரீயம். அந்தக் குழாயே காரீயந்தான். ராத்திரி பூரா தண்ணி அதுலயே ஊறுது. கருவக் கலைக்க இது போதும்னு ஷஃபீனா சொல்றா."

தெட்சிணாமூர்த்தி சிரித்தார். "ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச பரம்பர நாங்க. எங்களுக்கே ஈயத்தப் பத்திப் பாடமா?"

"அது வெள்ளீயம் மாமா. இது வேற."

"டவுன்ல நாலு எழுத்துப் படிச்சா இப்படித்தான்! எங்க வீட்டுத் தண்ணி அமிர்தம்."

திருஞானசம்பந்தம் கொஞ்சம் யோசித்தார். அவர் நியாயஸ்தர். அண்ணன் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

"எதுக்கும்... கோட்டுச்சேரிப் பொண்ணு வர்றதுக்குள்ள அந்தக் கொழாய மாத்திப்புடுவோம்ணே."

கொல்லையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒங்களுக்கும் தெரியுது," என்றாள் பெரியநாயகி.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் அவள் பேசுவது வழக்கமில்லை.

"ஹரிக்கு முந்தி எனக்கு மூணு தங்கல. மலடின்னு ஒங்கம்மா சொன்னாங்க. எனக்கும் இந்தச் சொம்புதான். ஒவ்வொண்ணு போறப்பவும், பத்தல, இன்னொரு சொம்பு குடின்னாங்க. குடிச்சேன்." குரல் உயரவில்லை. "இவளுக்கும் நானே என் கையால ஊத்திக் குடுத்தேன்."

"நாயகி, உள்ள போ," என்றார் தெட்சிணாமூர்த்தி.

அவள் போகவில்லை. குனிந்து சொம்பை எடுத்தாள். கணவர் முன்னால் ஒரு டம்ளர், கொழுந்தன் முன்னால் ஒன்று, மகன் முன்னால் ஒன்று என்று வைத்து, சிந்தாமல் ஊற்றினாள். விருந்துக்குப் பரிமாறுவது போல நிதானமாக.

"குடிங்க. அமிர்தந்தானே? குடிச்சிட்டு அவகிட்டக் கையெழுத்துக் கேளுங்க."

ஹரிஹரனின் விரல் நின்றது. திருஞானசம்பந்தம் கைப்பையைத் துழாவி, வரும் வழியில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைப் பாதி வெளியே எடுத்தார். பெரியநாயகி பார்ப்பது தெரிந்ததும் மறுபடி உள்ளே வைத்தார்.

மதியம் வரை மூன்று டம்ளர்களும் அப்படியே இருந்தன. அன்று அந்த வீட்டு ஆண்கள் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. யாருக்கும் தாகமும் எடுக்கவில்லை.