பல்லவிக்கு ஒரு வசவு

மின்விசிறி பழுதுபார்ப்பவருக்கு நாற்பது வயதில் பாட்டெழுதும் பைத்தியம் பிடித்தது. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, மோவாயைச் சொறிந்துகொண்டு, "நிலா, உலா, கலா" என்று முனகுவார். கலா யாரென்று அவர் மனைவி கேட்கவில்லை. கேட்டால் விளக்க ஆரம்பித்துவிடுவார்.

அவள் தையல்காரி. அவள் கால் மிஷினை மிதித்தபடி இருந்தாலும் மனசெல்லாம் கடைமேல்தான். ரிப்பேருக்குக் கொடுத்த மின்விசிறிகளை ஜனங்கள் ஒவ்வொருவராக அப்படியே திரும்ப வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெட்டுப் போட்டவன் அவள் தம்பி. ஒரு கீபோர்டு வாங்கியதால் இசையமைப்பாளன் ஆனவன். "மாமா, ஒரு தடவ கேட்டா வாயில ஒட்டிக்கணும். கருத்தெல்லாம் வேணாம்" என்றான். கருத்தைத் தவிர்க்க அவர் தனியாகச் சிரமப்படத் தேவை இருக்கவில்லை.

ஒருநாள் அவர் கடைப் பக்கமே போகவில்லை. அவளுக்குப் பொறுமை போயிற்று. மிஷினை நிறுத்தினாள்.

"கடையத் தொறக்க வக்கில்ல, கவிஞராம் கவிஞர்! போய்யா போ, உன் பாட்ட நீயே கேளு!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் அவர் அப்படிக் கவனித்துக் கேட்டதில்லை. அவளுக்கே பாவமாகிவிட்டது. நாளைக்குக் கடை திறப்பார் என்று நம்பினாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"கடையத் தொறங்க. அவ்ளோதான்" என்றாள் தணிந்த குரலில்.

"அப்படி இல்ல, கோவமா சொல்லு. 'போய்யா போ'ல ஒரு இழுப்பு இழுத்தியே!" அவர் கையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

'போய்யா போ' என்றே தொடங்கிய பாட்டு ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் பாடினார்கள், சலூனில் பாடினார்கள். அளவு கொடுக்க வந்தவள்கூட அவளிடமே பாடிக் காட்டி, "யாரு எழுதினாங்களோ, என்னமா எழுதிருக்காங்க!" என்றாள். தன் வயிற்றெரிச்சலுக்குத் தெருவே தாளம் போடுவதைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த பாட்டு கேட்டு ஆள் வந்தது. மாமனும் மச்சானும் தையல் மிஷின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தைத்துக்கொண்டிருந்த துணிமேலேயே போனை வைத்தார்கள்.

"இன்னிக்கும் நான் கடை தொறக்கல" என்றார் அவர், பல்லைக் காட்டிக்கொண்டு. "இனிமே தொறக்கறதாவும் இல்ல."

போன பாட்டைத் தூக்கிச் சாப்பிடும் வசவுகள் அவள் நாக்கு நுனிவரை வந்தன. அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். இந்த இரண்டு ஜன்மங்களுக்கும் தன் கோபம்கூட அதிகம் என்று தோன்றியது.

"சரிங்க" என்று சொல்லி, போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மிஷினை மிதித்தாள். நாளைக் காலையில் அந்த மிஷினை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மூடு இல்ல போல மாமா, நாளைக்குப் பாப்போம்" என்றான் தம்பி.