பசித்தால் திறக்கும்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அண்ணி சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னவென்று கேட்டதற்கு, "திறக்கவே மாட்டேங்குது" என்றார். நான் எழுந்து போய் பீரோவைத் திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் திறந்தது.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: உடலெனும் பெருங்கடலில் ஒரு நுண்கலம் தன்னந்தனியே…

அண்ணி படித்துவிட்டு, "இது யாரு தம்பி, நானா?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். அண்ணி ஆய்வகத்தில் செய்வது கண்ணுக்குத் தெரியாத நானோ துகள். அதற்குள் மருந்தை வைக்கலாம், மரபணுவையும் வைக்கலாம். புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி லேசான புளிப்பு இருக்கும். அந்தப் புளிப்பு பட்டால் மட்டுமே துகள் திறக்க வேண்டும், வேறெங்கும் வாயைத் திறக்கக் கூடாது. (எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை.)

சோதனைக்காக, செல்லைப் பச்சையாக ஒளிர வைக்கும் மரபணு ஒன்றை உள்ளே வைத்திருந்தார். பச்சை தெரிந்தால் துகள் திறந்துவிட்டது என்று அர்த்தம். வெறும் புளிப்பு நீரில் திறந்த துகள், சோதனைத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களிடம் போனதும் அழுத்தமாக மூடிக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் பச்சை தெரியாவிட்டால் ஆய்வையே நிறுத்திவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். அண்ணியின் பல வருட உழைப்பு அது.

3

இங்கே ஒரு வில்லன் இருந்தால் நன்றாக இருக்குமே என்று, அந்தச் செல்களை வளர்ப்பவரைப் பிடித்தேன். 'அவர் கண்களில் பொறாமை…' அதற்கு மேல் ஓடவில்லை. மனிதர் தங்கம். ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'மாமியார்'. செல்களுக்கு மாப்பிள்ளை உபசாரம் செய்கிறவர்.

செல்களுக்கு ஊற்றும் சத்துநீர் சிவப்பாக இருக்கும். அவை தின்று கழிக்கக் கழிக்க அது புளித்து மஞ்சளாகும். மஞ்சள் எட்டிப் பார்க்கும் முன்பே மாமியார் பதறிப்போய்ப் புதிதாக ஊற்றிவிடுவார். புதன்கிழமை அவர் ஊற்றும்போது அண்ணி பக்கத்தில் நின்றிருந்தார்.

"இதை எப்பெல்லாம் மாத்துறீங்க?"

"தினமும். சில நாள் ரெண்டு தடவை. பாவம், வாயில்லா ஜீவன்."

"துகள் போட்டப்புறமுமா?"

"அப்பதான் இன்னும் கவனிக்கணும்."

"சார், அது புற்றுநோய்."

"இருக்கட்டும். நம்மகிட்டதானே வளருது."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புளிக்கவே விடாத இடத்தில் துகள் எப்படித் திறக்கும்?

4

ஒரு தட்டை மட்டும் சத்துநீர் மாற்றாமல் பட்டினி போட்டார்கள். மாமியார் அந்தப் பக்கமே போகவில்லை. பார்த்தால் மனசு கேட்காதாம்.

முதல் முடிவு: தட்டு இருட்டாகவே இருக்கிறது. அண்ணி ஜன்னலோரம்… (எனக்கே பிடிக்கவில்லை.)

இரண்டாம் முடிவு: நோயாளி ஒருவர் குணமாகி வீடு திரும்புகிறார். அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "எலிக்கே இன்னும் குடுக்கல. பொய் எழுதாத."

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலை, உபசாரம் நடந்த தட்டு இருட்டாக இருந்தது. பட்டினி கிடந்த தட்டு முழுக்கப் பச்சை. இயக்குநர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எலிக்கு எப்ப குடுக்கிறோம்?" என்று கேட்டார். ஆய்வு பிழைத்துவிட்டது. அண்ணி இதைப் போனில் சொன்னபோது நான் எழுந்து போய் பீரோவை இன்னொரு தடவை திறந்து மூடினேன். சந்தோஷத்தில்தான்.

கடைசியாக மாமியார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். "பசியில இருக்குதுங்க. இனி ஊத்தலாமா?"

அண்ணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். சத்துநீர்ப் புட்டி கையில், மூடி திறந்தாகிவிட்டது, மாமியார் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்லுங்கள்.