நாலாவது செல்லிலும் குமிழி

...இல்லை, ரஷீத்தாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார், ஆய்வகத்தில் பேட்டரி செல்லை அடுக்கி உறையிட்டு ஒட்டுகிறவன் அவன் ஒருவன்தானே, ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒட்டிப் பழகிய கை என்றுதான் எடுத்தார்கள், அந்தக் கை செய்த மூன்று செல்லிலும் சார்ஜ் ஏற ஏற நடுவில் குமிழி கிளம்பியது, ஈரம் புகுந்திருக்கிறது, கவனக்குறைவா, வேண்டுமென்றேவா... போன வாரம் உருதுவில் தணிந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்தான், தேவிகா உள்ளே வந்ததும் வைத்துவிட்டான், வீட்டில் பேசுகிற பாஷை, அதில் என்ன இருக்கிறது, இருந்தாலும் ஏன் வைத்தான்? ஓசூர் பேட்டரி கம்பெனிக்காரர்கள் அவனை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், போகிறவன் கெடுத்துவிட்டுப் போகிறானா? நேற்று மேலாளர் சுப்பராயனிடம் தேவிகா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் அவனிடமிருந்து அறைச் சாவியை வாங்கி இவள் கையில் கொடுத்தார். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, குற்றமில்லாதவன் கேட்டிருக்க மாட்டானா...

திரையில் நாலாவது செல். ஸ்கூட்டர் பேட்டரி ஓடும்போதே உள்ளே எப்படிக் கெடுகிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பதுதான் ராணிப்பேட்டையில் இவளுக்கு வேலை, இந்தச் செல்லை இவளே கட்டினாள், உள்ளே ஊற்றுகிற திரவப் புட்டிகூடப் புதிது, இதில் வராது, வரக்கூடாது... வந்துவிட்டது. நடுவில், அதே இடத்தில், கடுகளவு கறுப்பு. புட்டியில் ஏதாவது கலந்திருப்பானோ? முத்திரையை உடைத்தது நான்தானே. அப்படியென்றால்? ஓரத்தைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. செல்லை நகர்த்தி அந்த ஓரத்தில் எக்ஸ்ரே கதிரை விழவைத்துக் காத்திருந்தாள், சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை, அங்கேயும் மெல்லக் கிளம்பியது, கதிர் விலகிய நடுப்பகுதியில் குமிழி வளராமல் நின்றுவிட்டது. கதிரா? நான் விடாமல் பார்த்த இடம் மட்டுமா கெட்டது? மூன்று செல்லிலும் வேறு இடத்தைப் பார்க்கவேயில்லையே...

கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போன ரஷீத், எடுக்க வந்தவன், திரையைப் பார்த்து நின்றான்.

“இதுலயும் வந்துச்சா?”

“நான் கட்டினது. எக்ஸ்ரேவாலதான் வருது ரஷீத். உங்க மேல தப்பில்ல.”

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். “சார்கிட்ட சொல்லுங்க மேடம். எங்கிட்ட இன்னாத்துக்கு?”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். சொல்லத்தான் வேண்டும், இப்போதே, நாளைக்கு என்றால் வாய் வராது, போனை எடுத்தாள், அந்தப்பக்கம் மணி அடிக்க அடிக்க வார்த்தையைத் தேடினாள், தப்பு என்னுடையது சார், அவ்வளவுதான், இரண்டு சொல்... சுப்பராயன் எடுத்துவிட்டார், “இன்னாம்மா, இன்னும் எதுனா செஞ்சிருக்கானா?” இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள், ஆனால் ரஷீத் முகத்தில் ஆச்சரியமே இல்லையே, கதிர்தான் என்று முன்னாலேயே தெரிந்திருக்குமோ, தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தான், மறுபடி ஏன் அவனையே சந்தேகப்படுகிறேன்...